மதகில் திரும்பும் சத்தம்

மச்சான்,

கீழ்வேளூரில் தங்கைக்குக் காய்ச்சலாம். போய்விட்டு நாளை காலை வந்துவிடுவேன். மீன் ஆணம் சுடவைத்திருக்கிறேன், மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ராத்திரி தோசையை நீங்களே சுட்டுக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்கு ஷோரூம்காரர் கரண்ட் காரைக் கொண்டுவருவார். ஓட்டிப் பாருங்கள். "நம்மூரு கரண்ட நம்பி காரா?" என்று நேற்று நான் சண்டை போட்டதெல்லாம் சாக்குதான்.

விடியலில் ஒரு கனவு. அந்தக் கார் வயல் நடுவே மிதந்து வருகிறது, ஒரு கொக்குகூட எழும்பவில்லை. நீங்கள் வாசலில் வந்து நிற்கிறீர்கள், அடுப்படியில் இருக்கும் எனக்குத் தெரியவேயில்லை.

நம் டீசல் வண்டி வாய்க்கால் மதகில் திரும்பும் சத்தம் கேட்டுத்தானே தினமும் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறேன்?

பர்வின்

இன்னொன்று: பிடித்திருந்தால் வாங்கிவிடுங்கள். மதகு வந்ததும் ஒரு ஹாரன் அடித்தால் போதும்.