மாடியூலில் ஏற்றாத புரோகிராம்

பழைய டூல் பெட்டியைக் கவிழ்த்தபோது தீப்பெட்டி அளவு மெமரி மாடியூல் ஒன்று விழுந்தது. ஒட்டியிருந்த தாளில் 'டிரம் 3' என்று உன் கோழிக்கிறுக்கல். தொடவே பயமாக இருந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. இதைப் பற்றி நாம் ஒருநாளும் பேசியதில்லை.

ஆம்பூர் தோல் ஷாப்பில் நாம் இருவரும் எலக்ட்ரீஷியன்கள். எண்பதுகளில் தோல் பதனிடும் டிரம்களுக்குக் கன்ட்ரோலர் வந்தது. எனக்கு அது பேஜார், உனக்குக் கொண்டாட்டம். ஊறும் தோல் அசையாமல் கிடக்கக் கூடாதென்று, கரண்ட் போய் வந்தால் டிரம் தானாகச் சுற்றும்படி புரோகிராம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நம் ஆட்களோ கரண்ட் போன நேரம் பார்த்துத்தான் உள்ளே இறங்கித் தோல் வாருவார்கள். அதனால் நீ அதை மாற்றினாய். பட்டனை அழுத்தினால்தான் இனி சுற்றும்.

ஆனால் கன்ட்ரோலரின் பேட்டரி சாகக் கிடந்தது. அது தீர்ந்த பிறகு கரண்ட் போனால் உன் மாற்றம் அழிந்துவிடும். கரண்ட் வந்ததும் மாடியூலில் இருக்கும் பழைய புரோகிராம்தான் மறுபடி ஏறும். அதற்குள் புதியதை மாடியூலில் பதிந்துவிடச் சொன்னாய். எனக்கோ ஆலங்காயத்துக்குப் பெண் பார்க்கப் போகிற அவசரம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ்ஸுக்கு ஓடினேன். மறுநாள், "ஏத்திட்டியா?" என்று கேட்டாய். "ஏத்திட்டேன்டா" என்றேன், வாய் கூசாமல். அப்புறம் மறந்தே போனேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கரண்ட் போனது. நீ தொழுகைக்குப் போகக் குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தாய். நான் திரும்பிப் பார்த்தால், தோல் வாருகிற முனிரத்தினம் மூன்றாவது டிரம்முக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். கன்ட்ரோலரில் பேட்டரி விளக்குகூட அணைந்திருந்தது. மெயின் சுவிட்ச் கொட்டகையின் அந்தக் கோடியில். குழாயடிப் பக்கம் திரும்பினேன்.

"டேய், நான் ஏத்தல."

நீ ஒரு கேள்வி கேட்கவில்லை. ஈரக்காலோடு வழுக்கி விழுந்து, எழுந்து ஓடி மெயின் கைப்பிடியில் தொங்கினாய். அது இறங்கிய கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்து, மெயினில் சேராமல் தெருவிளக்கு லைனில் இருந்த டியூப் லைட்டுகள் கண்சிமிட்டின. டிரம் அசையவில்லை. உள்ளேயிருந்து முனிரத்தினம், "இன்னாப்பா, எல்லாரும் சாப்ட போய்ட்டீங்களா?" என்றான்.

அவன் வெளியே வரும்வரை நீ கைப்பிடியை விடவில்லை. அன்று தொழுகைக்கும் போகவில்லை. முதலாளியிடம் வாய் திறக்கவில்லை. என்னைத் திட்டக்கூட இல்லை.

அதற்குப் பிறகும் எத்தனை வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம்! என் கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறினாய். ஆனால் நான் பதிந்த ஒவ்வொரு மாடியூலையும், நான் அந்தப் பக்கம் நகர்ந்ததும் நீயே ஒருமுறை கன்ட்ரோலரில் போட்டுச் சரிபார்த்தாய். தூணுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். கோபமாகக்கூட வந்தது, வெட்கங்கெட்டவன் எனக்கு.

நீ பார்த்தது சரிதான். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒரே ஒரு தரம், "ஏத்திட்டியா?" என்று நீ என்னிடம் மறுபடி கேட்டிருக்கலாம். அதற்கப்புறம் எல்லாவற்றையும் ஏற்றினேன்டா.