குதிக்கிற ஜின்

ஐப்பசி 14, வெள்ளி

என் மகன் முருகன் தசை கரைகிற நோயில் செத்து இரண்டு வருஷம். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்திருந்த அவன் ரத்தப் பரிசோதனை விவரத்தைக் கம்ப்யூட்டரில் மறுபடி தேடினார்களாம். இன்று கூப்பிட்டுச் சொன்னார்கள்.

"பாதி பொருந்தாத துண்டையெல்லாம் முன்னாடி கம்ப்யூட்டர் குப்பைன்னு தள்ளிடுச்சும்மா. அவன் நோய்க்குக் காரணம் அதுலதான் இருந்திருக்கு. வேற எடத்துலேருந்து குதிச்சு வந்து உக்காந்த ஜீன்" என்றார் டாக்டரம்மா.

"ஜின்னா? அப்பவே ஓட்டியிருக்கலாமே!"

"ஜின் இல்லம்மா, ஜீன். பேய் இல்ல, ஒடம்புக்குள்ள இருக்குற எழுத்து" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு, அப்போது எடுத்து வைத்திருந்த என் ரத்தத்திலும் அது இருக்கிறது என்றார். என்னிடமிருந்துதான் அவனுக்குப் போயிருக்கிறது. "மாசமா இருக்குற உங்க பொண்ணுக்கும் பாக்கணும். வயித்துல இருக்குறது ஆம்பளப் புள்ளைன்னா, அதுக்கும் இந்த நோய்..." என்று நிறுத்திக்கொண்டார்.

கடலூர் பஸ்ஸில் வரும்போதே மகள் செல்வி போன் போட்டாள். "என்னம்மா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லடி. நாளைக்கு வா, சங்கரா மீன் வாங்கி வைக்கிறேன்" என்றேன்.

ஜின் என்றால் வேப்பிலை அடித்து ஓட்டிவிடலாம். இதை நான்தான் வயிற்றில் வைத்து வளர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

நாளைக்கு அவள் சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் சொல்கிறேன்.