துணைச் செல்

மார்ச் 3

வழக்குக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வரியும் மனத்தில் ஏறவில்லை.

பல்கலைக்கழகத்தில் என் மனைவியின் பணி நிரந்தரமாவது அவளுடைய ஆய்வைப் பொறுத்தது. பூவின் சூலுக்குள் அண்டச் செல்லை ஒட்டி இரண்டு துணைச் செல்கள் இருக்கின்றன. பூவில் மகரந்தம் பட்டதும், அதிலிருந்து வளரும் குழாய் வந்து சேருமுன்பே அவற்றுள் ஒன்று தானாகக் குலைந்து, அதற்கு வழிவிடுகிறது என்பது அவள் முடிவு. இன்று துறைத்தலைவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டாராம்: "அந்தச் செல்லு பூவுல செத்துச்சாம்மா, இல்ல உங்க மருந்துல செத்துச்சா?"

திசுவைப் பதப்படுத்தும் மருந்தைச் சொல்கிறார். மகரந்தம் படாத பூக்களை அவள் பழைய மருந்திலும், பட்டவற்றைப் புதிய மருந்திலும் பதப்படுத்தியிருக்கிறாள். முன்னவற்றில் இரண்டு செல்களும் முழுதாக இருந்தன, பின்னவற்றில் ஒன்று குலைந்திருந்தது; குலைத்தது மகரந்தமா, மருந்தா? ஒப்பீடே செல்லாது! இது எப்படி அவள் கண்ணில் படாமல் போயிற்று?

எல்லோரும் சிரித்தார்களாம். அவளும் சிரித்தாளாம். அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

மார்ச் 4

அவளுக்காக வாதக் குறிப்பு எழுதி எழுதிக் கிழித்தேன்.

மார்ச் 6

மகரந்தம் படாத பூக்களைப் புதிய மருந்தில் இட்டுப் பார்க்கப் போகிறாளாம். வேண்டாம் என்றேன். குற்றம் சாட்டுபவரே நிரூபிக்கட்டும். சந்தேகத்தின் பலன் உனக்கு.

"வக்கீல் சார், அது உங்க கோர்ட்ல. எங்க லேப்ல சந்தேகத்தோட பலன் செல்லுக்குத்தான்."

நல்ல பதில். நல்ல பதில் வேலையைக் காப்பாற்றுமா?

மார்ச் 12

அவளை அழைத்துவர ஆய்வகத்துக்குப் போனேன். நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

"சொல்லித் தொலையேன்!" கத்திவிட்டேன்.

"நீங்களே பாருங்க."

பார்த்தேன். ஒரு துணைச் செல் முழுதாக இருந்தது. மற்றது சுருங்கி, கருத்து, சுவர் நைந்து கிடந்தது. மகரந்தத் துகள் ஒன்றுகூடத் தொடாத, புதிய மருந்தில் இட்ட பூ.

"மருந்துதான்," என்றாள்.

பிறகு நான் கேட்டதை எழுதக் கூசுகிறது. "யாரு பாத்தா?" என்று கேட்டேன்.

"நான் பாத்தேன். இப்ப நீங்களும் பாத்துட்டீங்க. ரெண்டு சாட்சி."

மார்ச் 13

அவளே போய்த் துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டாள். "நானா இருந்தா இன்னும் ஒரு வாரம் யோசிச்சிருப்பேன்மா" என்றாராம்.

நிரந்தரம் இல்லை. ஓராண்டுத் தற்காலிக நீட்டிப்பு. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு என்ன?

மார்ச் 15

வீட்டில் அவள் பாடுகிறாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மார்ச் 21

மகரந்தம் பட்ட பூக்களைப் பழைய மருந்தில் இன்னும் யாரும் பார்க்கவில்லை; செல் உண்மையிலேயே குலைகிறதா என்பது அதில்தான் தெரியும். குலையாவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

காலையில் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்துக்கு என்னையும் கூட்டிப்போனாள். தூரிகை நுனியில் மஞ்சள் மகரந்தத் தூள். பூவை நெருங்கும்போது அவள் முழங்கையை இறுகப் பற்றியிருக்கிறேன்; எனக்கே தெரியவில்லை.

"கிளையப் பிடிங்க," என்றாள். "என்னை இல்ல."

கிளையைப் பிடித்தேன்.