மூழ்காத படகு

நேற்று உன் மகள் கொண்டுவந்து கொடுத்த காலண்டர் தாள்களில் இன்னும் படகுக்குப் பூசும் ரெசின் வாடை அடிக்கிறது. காசிமேட்டில் என் படகுப் பட்டறையில் உட்கார்ந்து நீ கணக்குப் போட்ட தாள்கள். “நைனா எங்க தப்பு பண்ணுச்சின்னு நீயாவது சொல்லு மாமா. காலேஜ்ல காட்டுனா எல்லாம் கரெக்டாத்தான் கீதுன்றாங்க” என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உன்னிடம் சொல்லாததை அவளிடம் எப்படி முதலில் சொல்வது?

உன் அண்ணனைப் புயல் கொண்டுபோன வருஷம்தான் நீ அந்தப் படகை வரைய ஆரம்பித்தாய். காற்று நன்றாக இருந்தால் பாய் விரித்து ஓட வேண்டும். கடல் கெட்டால் பாய்மரத்தை மடக்கிப் படுக்கவைத்து, பக்க அறைகளில் தண்ணீரை விட்டு அடியில் இறங்க வேண்டும். சிலிண்டர் காற்றால் அந்தத் தண்ணீரைத் தள்ளினால் திரும்ப மேலே வரும். “அலை மேல அடிச்சிகினு போவட்டும் மாமு. நாம அடியில பூந்து வூடு வந்து சேந்துரலாம்” என்பாய். ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, பயந்தேன்.

இருபது வருஷமாகப் பைபர் படகு செய்கிறவன் நான். உள்ளே ஃபோம் அடைக்காமல் ஒரு படகையும் வெளியே விட்டதில்லை. கவிழ்ந்தாலும் அது மிதந்தால்தான் ஆள் பிடித்துக்கொள்ள முடியும். உன் படகையும் என் பட்டறையில்தான் கட்டினோம். நீ வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், தண்ணீர் புக வேண்டிய அறைகளில் பாதியை ஃபோமால் அடைத்து, மேலே பைபர் போட்டு மூடினேன்.

நெட்டுக்குப்பம் முகத்துவாரத்தில் இறக்கினோம். பாய் விரித்து அழகாக ஓடியது. பிறகு நீ மட்டும் உள்ளே இறங்கி, மூடியை இறுக்கி வால்வைத் திறந்தாய். படகு குளத்து எருமைபோல் கழுத்தளவு நீரில் நின்றுகொண்டது. அரைமணி நேரம் போராடிவிட்டு வெளியே வந்தவன் யாரையும் திட்டவில்லை. “என் கணக்குலதான் எங்கியோ மிஸ்டேக்கு கீது மாமு” என்றாய்.

அப்போதே சொல்லியிருந்தால் அடைத்ததைப் பிய்த்துவிட்டு மறுநாளே இறங்கியிருப்பாய். அதனால் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கையில் ஊசியோடு தாளைப் பிடித்துக்கொண்டு “எங்க வுட்டேன்னே தெர்ல” என்றாயே, அப்போது பயப்பட ஒன்றும் இல்லை. வெட்கத்தில்தான் சொல்லவில்லை. “வுடு மாமு, வூட்டுக்கு வந்து பாத்துக்கலாம்” என்றேன். நீ வரவில்லை.

உன் கணக்கு சரி. ஒரு இடத்திலும் தப்பில்லை. உன்னை உயிரோடு கரையில் பார்க்க வேண்டும் என்ற என் ஆசைக்கு உன் கடைசி இரண்டு வருஷத்தைத் தின்னக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் உன் மகளிடம் சொல்லப்போகிறேன். அவள் இனி என்னை மாமா என்று கூப்பிடாமல் போனாலும் போகட்டும். ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீ மறுபடி வந்து அதே படகைக் கேட்டாலும் அடைத்துத்தான் கொடுப்பேன். உன் முகத்துக்கு நேரே அடைப்பேன்.