துடக்கோ இல்லையோ தெரியாமல் ஒரு கலியாணம்

ஜூன் 8, 2009, திங்கள்

இவ்வளவு பிந்தி எழுதிறன், குறை நினையாதை சுகந்தி. ஆரணி இப்பதான் கண்ணயர்ந்தாள். உன்ர அத்தான் ஷிப்டுக்குப் போட்டார். பெற்றோல் ஸ்டேஷன், இந்தக் கிழமை முழுக்க இரவு. வெளியில தூறல். லண்டனில இது கோடை காலமாம்.

கொப்பி வாங்கச் சொன்னது ஹெல்த் விசிட்டர். பிள்ளை பிறந்த வீடுகளுக்கு வந்து நிறை பார்க்கிற நேர்ஸ். "அழுகை வருதோ?" எண்டு கேட்டா. இல்லை. "சிரிப்பு?" அதுவும் இல்லை. நாளுக்கு ரெண்டு வரி எழுதட்டாம், ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்லையாம். எனக்கெண்டு எழுத ஒண்டும் வரேல்லை. உனக்கெண்டால் வருது.

கடைசியா நீ வன்னியில, மாத்தளனில இருந்து போன் எடுத்தது மார்ச்சில. "அக்கா, பின்னால ஆக்கள் வரிசையில நிக்கினம். கபிலனுக்குக் காய்ச்சல். பிறகு எடுக்கிறன்." இவ்வளவும்தான். மே நடுவில சண்டை எல்லாம் முடிஞ்சிட்டுது எண்டு ரீவியில சொன்னாங்கள். நீயும் பிள்ளையும் எந்தப் பக்கத்தால வந்தனீங்கள், வந்தனீங்களோ, தெரியாது.

வாங்க: நப்பி, பால்மா, வெங்காயம், மஞ்சள் தூள், வெள்ளை நூல்பந்து.

நூல் ஏனெண்டு நாளைக்கு.

ஜூன் 9, செவ்வாய்

நூல் கலியாணத்துக்கு. மேல் வீட்டு ஜில்லும் டேவும் வாற ஞாயிறில்லை, அதுக்கடுத்த ஞாயிறு முடிக்கினம். இவையின்ர ரெண்டு சைக்கிளும்தான் கீழ்ப் பாதையில நிண்டு ஆரணியின்ர தள்ளுவண்டியை மறிக்கிறது. அந்தச் சண்டையிலதான் பழக்கமானது. இப்ப ஜில் ஒவ்வொரு நாளும் வந்து ஆரணியைத் தூக்கி வைச்சிருப்பாள், நான் குளிக்கிறதுக்கு.

சேர்ச்சில இல்லை. காட்டில. இவை கிறிஸ்தவர் இல்லையாம், அதுக்கு முந்தின ஆக்களாம். சூரியன், மண், நெருப்பு, தண்ணி. "பேகன்" எண்டாள். "நாங்களும் அப்பிடித்தான், அய்யர் மட்டும் கூட" எண்டு சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சாள். நான் பகிடிக்குச் சொல்லேல்லை.

ரெண்டு பேரின்ர கையையும் சேர்த்துக் கயிறால கட்டுவினமாம். நெருங்கின ஆக்கள் ஆளுக்கொரு கயிறு கொண்டு போறது. கட்டேக்க ஒரு ஆசை சொல்லவேணும். "வான், உன்ர கயிறு கட்டாயம்" எண்டாள். என்ர பேரை முழுக்கச் சொல்ல அவளுக்கு வாய் வராது.

எனக்குத் தெரிஞ்ச கயிறு ஒண்டுதான். மஞ்சளில தோய்ச்ச காப்பு நூல்.

ஜூன் 10, புதன்

மச்சாள் செவன் கிங்ஸில இருந்து போன். இவரின்ர தமக்கை. அங்கை அவவுக்கும் மனுசனுக்கும் பலசரக்குக் கடை, எல்லாச் செய்தியும் அந்தக் கல்லாவைத் தாண்டித்தான் போகும்.

"வானதி, வெள்ளைக்காரரின்ர கலியாணத்துக்குப் போறீராம்?"

"ஓம் மச்சாள்."

"சாவுத் துடக்கோ இல்லையோ தெரியாம ஒரு நல்ல காரியத்துக்குப் போற நீர் ஆர்?"

நான் ஆரணியை மற்றத் தோளுக்கு மாத்தினன்.

"நான் அந்தப் பிள்ளைக்கு அப்பிடி நடந்திருக்கு எண்டு சொல்லேல்லை."

"ஓம் மச்சாள்."

"நடந்திருந்தால் எண்டு சொல்லுறன். அவை பாவம், புதுசா வாழப் போற சனங்கள்."

பின்னேரம் கோயிலுக்குப் போய் அய்யரைக் கேட்டன். அவர் சந்தனம் அரைச்சுக்கொண்டே சொன்னார்: "செய்தி காதில விழுந்த நாளிலயிருந்துதான் துடக்கு. செய்தி இல்லையெண்டால் துடக்கு இல்லை அம்மா. தாராளமாப் போங்கோ."

தாராளமா.

போனால், நீ இருக்கிறாய் எண்டு நான் சொன்ன மாதிரி. போகாட்டில், நீ இல்லை எண்டு சொன்ன மாதிரி. நூலை வாங்கி மேசையில வைச்சிருக்கிறன். இன்னும் மஞ்சளில போடேல்லை.

ஆரணிக்குப் பல்லு முளைக்கப் பார்க்குது. வலது பக்கம் கீழ.

ஜூன் 13, சனி

வெயில், ஒருமாதிரி.

இண்டைக்குச் சைக்கிள் ஊர்வலம். இதைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். உடுப்பில்லாமல். ஜில்லும் டேவும் வருசா வருசம் போறவையாம். காருக்கும் எண்ணெய்க்கும் எதிரா. "தெருவில சைக்கிளில போற எங்களை ஒருத்தரும் காணுறேல்லை, இடிக்கிறாங்கள். கழட்டினால்தான் கண் தெரியுது" எண்டாள் ஜில். உதவிக்கு வாறியோ எண்டு கேட்டாள். என்ன உதவி? உடுப்புப் பையை வைச்சிருக்கவேணும், அவ்வளவுதான். சரி எண்டன். வீட்டில இருந்தாலும் போனையே பார்த்துக்கொண்டிருப்பன்.

பார்க்கில ஆயிரம் சைக்கிள் இருக்கும் போல. ஒரு வயசாளி, தலையில ஹெல்மெட், காலில மேஸும் சப்பாத்தும், இடையில ஒண்டுமில்லை. ஆரணியைக் குனிஞ்சு பார்த்து "ஹலோ டார்லிங்" எண்டார். ஆரணி கெக்கட்டமிட்டுச் சிரிச்சாள். முகத்தை மட்டுமே பார்த்துக் கதைக்கப் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்குது. வெக்கம் வரும் எண்டு நினைச்சன். அதுவும் வரேல்லை.

டேவின்ர களிசான், வீட்டுத் திறப்பு, ஜில்லின்ர சட்டை, மற்றதுகள், எல்லாம் மடிச்சுத் தள்ளுவண்டிக்குக் கீழ. ரெண்டு பேரின்ர மானமும் நப்பிப் பையோட.

ஜில் வயித்தில "இப்ப தெரியுதோ?" எண்டு இங்கிலீசில எழுதியிருந்தாள். பிறகு தூரிகையை என்னட்டைத் தந்து முதுகைக் காட்டினாள். "உங்கட எழுத்தில ஏதாவது எழுது, வடிவான எழுத்து."

"என்ன எழுத?"

"உனக்கு விருப்பமானது."

சைக்கிள் வாழ்க எண்டு எழுதத்தான் யோசிச்சன். நீல மை. கை எழுதினது: சுகந்தி எங்கே?

என்ன அர்த்தம் எண்டு அவள் கேட்க முந்தி விசில் ஊதிட்டாங்கள்.

ஏப்ரலில நாங்கள் சண்டையை நிப்பாட்டச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால நிண்ட இடத்தாலதான் இவையும் போறவை. நான் ஆரணியையும் கொண்டு போய் நிண்டனான் அப்ப. ஜக்கெட், தொப்பி, கையுறை எல்லாத்தோடயும். பஸ்ஸில இருந்தவை ஒருக்காப் பார்த்திட்டுப் பேப்பரைத் தூக்கிப் பிடிச்சினம்.

திரும்பி வரேக்க ஜில்லின்ர தோள் வெயிலில சிவந்து, மை வழிஞ்சு. பேர் மட்டும் வாசிக்கலாம். "உங்கட ஆக்கள் இன்னும் அங்கை நிக்கினம். என்ர முதுகைப் பார்த்து ஒருத்தர் கத்தினார், பிறகு எல்லாரும் கத்தினவை. கோவமோ சந்தோசமோ விளங்கேல்லை. என்ன எழுதினனீ?"

"தங்கச்சியின்ர பேர். எங்கை எண்டு கேட்டிருக்கு."

அவள் அப்பிடியே நிண்டாள். நான் சட்டையை நீட்டிக்கொண்டு நிண்டன். வாங்கேல்லை, கன நேரம்.

ஜூன் 15, திங்கள்

மழை. உடுப்புக் காயேல்லை.

மச்சாள் போனில: "உமக்கென்ன விசரோ? உரிஞ்சுபோட்டு ஓடுற வெள்ளைச்சியின்ர முதுகில தங்கச்சியின்ர பேரோ? கடைக்கு வாற பொடியள் எல்லாம் போனில படம் வைச்சிருக்கிறாங்கள்!"

"உங்களுக்கு நான் எழுதினதெண்டு எப்பிடித் தெரியும்?"

"வேற ஆர் செய்வினம்? சைக்கிள் பைத்தியங்கள் மேல் வீட்டில எண்டு நீர்தானே சொன்னனீர். எல்லாரும் என்னட்டைக் கேக்கினம், ஆற்றை சுகந்தி, ஆற்றை சுகந்தி எண்டு. என்னத்தைச் சொல்ல?"

"என்ன சொன்னனீங்கள்?"

கல்லாவை அடிச்சுச் சாத்தின சத்தம் கேட்டுது. "எங்கட பிள்ளை எண்டு சொன்னன். வேற என்ன சொல்லுறது?"

இவர் எழும்பி வந்து மச்சாள் அனுப்பின படத்தைப் பார்த்தார். அத்தானைத் தெரியும்தானே, நிறையக் கதைக்கமாட்டார். "கேள்விக்குறி வடிவா விழுந்திருக்கு" எண்டார். பிறகு போய்ப் படுத்திட்டார்.

ஜூன் 17, புதன்

போன் அடிச்சபடி. மச்சாள் நம்பரைக் கொடுத்திருக்கிறா.

டூட்டிங்கில இருந்து ஒரு ஐயா. அவருக்குத் தெரிஞ்ச சுகந்தி பேரப்பிள்ளை கண்டவ.

ஆரெண்டு சொல்லாத ஒரு பொம்பிளை. "எங்கட சனத்தின்ர மானத்தை வாங்கிட்டீர்" எண்டு வைச்சிட்டா. பிறகு திரும்ப எடுத்து, தன்ர தம்பியின்ர பேரையும் எங்கையாவது எழுத ஏலுமோ எண்டு கேட்டா.

பேரை எழுதி வைச்சிருக்கிறன். எங்கை எழுதிறது?

ஆரணிக்குப் பல்லு வந்திட்டுது. அரிசி மாதிரி. கரண்டியால தட்டினால் டிங் எண்டுது. சந்தோசப்படவேணும் எண்டு தெரியும்.

ஜூன் 19, வெள்ளி

மச்சாள் நேரில வந்தா. செவன் கிங்ஸில இருந்து ரெண்டு பஸ். மரக்கறிப் பை, புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு. சப்பாத்தைக் கழட்ட முந்தியே சொல்லத் தொடங்கினா.

கடைக்கு வாற சறோ எண்ட பிள்ளையின்ர தாய் வவுனியா முகாமில. ஆரோ ஒளிச்சுக் கொண்டந்த போனில ஒருக்காக் கதைச்சவவாம். சறோ சும்மா கேட்டிருக்கிறாள். பக்கத்துக் கூடாரத்தில ஒரு சுகந்தி இருக்கிறாவாம். நேர்சறி ரீச்சராம். முப்பது வயசுக்குள்ளதானாம். நெடுவல்.

"எங்கட பிள்ளையும் நேர்சறிதானே?" எண்டா மச்சாள்.

"ஓம்."

"நெடுவல்தானே?"

"ஓம். பொடியன்?"

மச்சாள் புட்டுப் பெட்டியைத் திறந்தா. மூடினா. "தனியத்தானாம். ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லையாம். கேட்டால் தலையை மட்டும் ஆட்டுறாவாம்."

நான் சாப்பாட்டுக் கோப்பை எடுத்து வைச்சன். சாப்பிட்டம். குழம்பு நல்லா இருந்தது.

அது நீ எண்டு நினைச்சால் கபிலன் இல்லை. கபிலன் இருக்கவேணும் எண்டு நினைச்சால் அது நீ இல்லை. எதைக் கேட்டுக் கும்பிடுறது எண்டு தெரியேல்லை. ஆஸ்பத்திரியில வைச்சிருப்பினம், எண்டு மச்சாள் சொல்லுறா. காய்ச்சல் எண்டுதானே சொன்னவள், எண்டுறா. அது மார்ச்சில, எண்டு நான் சொல்லேல்லை.

போகேக்க மேசையில கிடந்த நூலைக் கண்டா. எடுத்துப் பார்த்தா. "இது காணாது. மூண்டு புரியாத் திரிக்கவேணும்." தானே இருந்து கால் பெருவிரலில கொழுவித் திரிச்சா. மஞ்சளும் தானே குழைச்சா.

"அப்ப துடக்கு மச்சாள்?"

"செத்த செய்தி ஒண்டும் ஒருத்தரும் சொல்லேல்லையே. போம்."

ஜூன் 21, ஞாயிறு

மேகம், பிறகு வெயில். காட்டு ஓரத்தில. நான் மாம்பழ நிறச் சீலை, ஆரணி சிவப்புச் சட்டை, உன்ர அத்தான் கலியாணக் கோட்டு. மற்றவை எல்லாம் தலையில பூ, காலில ஒண்டுமில்லை. எங்களைத்தான் எல்லாரும் பார்த்தவை. அந்த ஹெல்மெட் வயசாளியும் வந்திருந்தார். உடுப்போட அடையாளம் தெரியேல்லை. அவர்தான் ஆரணியை அடையாளம் கண்டவர்.

குருக்கள் ஒரு பொம்பிளை. முதல் கிழக்கைப் பார்த்துக் கூப்பிட்டா. பிறகு மற்றத் திசைகள். நெருப்பை ரெண்டு பேரும் சுத்தி வந்தவை. "அம்மி மட்டும்தான் குறை" எண்டு அத்தான் காதுக்குள்ள சொன்னார். கடைசியில விளக்குமாறைப் போட்டு அதுக்கு மேலால பாய்ஞ்சவை. மச்சாள் கண்டிருந்தால் கத்தியிருப்பா.

கயிறு கட்டுற நேரம் ஒவ்வொருத்தரும் போய்ச் சொன்னவை. நிறையச் சிரியுங்கோ. நிறையப் பயணம் போங்கோ. என்ர முறை. நூல் சரியாக் காயேல்லை. மஞ்சள் ஜில்லின்ர வெள்ளைச் சட்டைக் கையில ஒட்டிட்டுது, நல்லாப் பரவிட்டுது. "இது போகாது" எண்டன். "போக வேண்டாம்" எண்டாள். ஆசை சொல்லவேணும். இங்கிலீசில ஒண்டும் வரேல்லை. "ஒருத்தரை ஒருத்தர் துலைச்சுப் போடாதேங்கோ" எண்டன். குருக்கள் அர்த்தம் கேட்கேல்லை. ஜில்லும் கேட்கேல்லை.

கேக்கில முதல் துண்டை மண்ணுக்குப் போட்டவை. நானும் கொஞ்சம் போட்டன். ஆருக்கு எண்டு நினைக்கேல்லை.

விரல் இன்னும் மஞ்சள். கொப்பியிலயும் ஒட்டுது.

புதன்கிழமை சறோவுக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் வவுனியாவுக்குப் போறாராம். ஒரு தாள் கொண்டு போக ஏலுமாம், மடிச்சு, சின்னனா. மச்சாள் வந்து வாங்கிக்கொண்டு போவா. இந்தப் பக்கத்தைத்தான் கிழிச்சுக் குடுக்கப் போறன், வேற எழுத வராது.

சுகந்தி, இது நீ இல்லையெண்டால், வாசிக்கிற தங்கச்சி, மன்னிச்சுக்கொள்ளும். உம்மட ஆக்கள் ஆர் எண்டு எழுதிவிடும், இஞ்சை தேடித் தாறன்.

நீதான் எண்டால், கபிலனைப் பற்றி எழுத ஏலாட்டில் எழுதாதை. உன்ர பேரை மட்டும் எழுது. உன்ர எழுத்து எனக்குத் தெரியும்.

கெதியாப் பதில் போடு.