திரும்பப் பெற்றேன்

திருகோணமலை
10.09.2006

அன்புள்ள தம்பி அன்ஸாருக்கு,

நூலகத்துக் கமலா மிஸ் எழுதுகிறேன். நீங்களும் உம்மாவும் கந்தளாய் முகாமில் உயிரோடு இருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைக் கண்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. சண்டையில் மூதூர்ச் சனம் ஊரைவிட்டுக் கால்நடையாக வெளிக்கிட்ட செய்தி கேட்ட நாள் முதல் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உம்மாவின் இழுப்புக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். இதைக் கொண்டுவரும் ஜெஸீமா உங்கள் முகாமுக்கு வந்து போகிற தாதி, நம்பலாம். தபாலில் போட எனக்குத் துணிவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இறக்கக்கண்டிக்குப் போகக்கூடாது. நோன்பு தொடங்க முன் போய்க் குலசிங்கம் அண்ணரைப் பார்க்கப்போவதாகவும், முகாமில் கிடைத்த பால்மாப் பெட்டி ஒன்றை அவருக்கென்று எடுத்து வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை உடைத்து உம்மாவுக்குக் கரைத்துக் கொடுங்கள். அண்ணர் அங்கே இல்லை. யூலை முதலாம் திகதி, நீங்கள் கடைசியாக அவரை இரவல் எடுத்த அந்தச் சனிக்கிழமை, அவர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. நிலாவெளி வீதியில் ஒரு மதகடியில் சைக்கிள் மட்டும் கிடந்ததாம். இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. அவர் மனைவி குணேஸ்வரி அக்கா பொலிஸ், ஆமி என்று ஏறாத படி இல்லை. எங்கும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.

இதை நீங்கள் அறியாமல் இருந்ததற்கும் நான்தான் காரணம், தெரிந்தும் உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். மிச்சத்தையும் கேளுங்கள்.

வெளிநாட்டு நூலகங்களில் ஆட்களையே புத்தகமாக இரவல் கொடுக்கிறார்களாம், ஒருவரை ஒருவர் ஆகாது என்று நினைக்கிறவர்கள் அரை மணித்தியாலம் எதிரெதிரே இருந்து கதைத்தால் மனம் இளகுமாம் என்று கொழும்புப் பயிற்சியில் கேட்டுவிட்டு வந்து துள்ளியவள் நான். சமாதானம் வந்துவிட்டது என்று எல்லாரும் நம்பிய காலம் அது. புத்தகம் என்றால் தலைப்பு வேண்டுமே என்று அண்ணரைக் கேட்டேன். “நான் சோனகரோட கதைக்கிறேல்லை. அதையே எழுது தங்கச்சி” என்றார். அப்படியே அட்டையில் எழுதினேன். மேசையில் ஏழு அட்டைகள் கிடக்க, முஸ்லிமான நீங்கள் அதைத்தான் எடுத்தீர்கள். உங்களுக்கு விசர் என்று நினைத்தேன்.

முதல் தடவை அவர் நூலக முற்றத்து வேம்பின் கீழே முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். தொண்ணூறில் தன் தம்பியை உங்கள் ஆட்கள் ஆமிக்குக் காட்டிக்கொடுத்தார்கள் என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. நீங்கள் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த மாதமும் அதே அட்டையைக் கேட்டு வந்தீர்கள். ஐந்தாம் தடவை, நேரம் முடிந்துவிட்டது என்று நான் மணி அடிக்க, பொறு என்று என்னை ஏசினார். அந்தத் தலைப்பை இனி மாற்றவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாற்றவில்லை.

வாசித்து முடித்தால் புத்தகத்தை மேசைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், நான் பதிவேட்டில் கையெழுத்து வைக்க வேண்டும். அதுதான் விதி. அன்றைக்கும் மூன்றரைக்கு அவரைக் கூட்டிவந்து, “இந்தாங்க மிஸ் உங்கட புத்தகம், ஒரு தாளும் கிழியல்ல” என்று சொல்லிவிட்டு, மூதூர் லாஞ்சைப் பிடிக்கத் துறைக்கு ஓடினீர்கள். நான் சிரித்தேன். பேனையை எடுத்தேன். சந்தியில் சுற்றிவளைப்பு என்று யாரோ கத்திக்கொண்டு போக, பதிவேட்டை அப்படியே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அண்ணர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினார். “உந்தப் பொடியன் அடுத்த மாசம் வீட்டை வாறானாம். மீனுக்கு ஹலால் பாக்கத் தேவையில்லையாம் தங்கச்சி. மனிசியிட்டைச் சொல்லி வைக்கவேணும்” என்றார். அவரைக் கடைசியாகக் கண்டவள் நான்.

திங்கட்கிழமை குணேஸ்வரி அக்கா தன் தம்பியோடு வந்தார். பதிவேட்டைத் திறந்தார்கள். எடுத்தவர் அன்ஸார், மூதூர். திரும்பப் பெற்றேன் என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்த மேசையில் இருந்து, பதிவேட்டில் கையெழுத்து இல்லையென்றால் புத்தகம் வரவில்லை என்று எத்தனை பேரோடு சண்டை பிடித்திருப்பேன். அதையே அக்காவின் தம்பி எனக்குத் திருப்பிச் சொன்னான். அப்ப அந்தச் சோனிதான் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறான் என்றான். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு, அவர் இஞ்சை திரும்பி வந்தவரா என்று கேட்டார்.

ஓம் என்ற ஒரு சொல் போதும், அன்ஸார். வந்தார் என்றால் கடைசியாகக் கண்டவள் நான் ஆகிவிடுவேன். பிறகு விசாரிக்க ஆட்கள் வருவார்கள், எந்தப் பக்கத்து ஆட்கள் என்றும் தெரியாது. பயந்தேன். பதிவேட்டில் உள்ளதுதான் எனக்குத் தெரியும் என்றேன். என் வாயால் அதைச் சொன்னேன். தொண்ணூறில் அண்ணர் உங்கள் ஆட்கள்மேல் சுமத்திய அதே பழியை, அவர் அதை இறக்கி வைத்த கையோடு நான் எடுத்து உங்கள் தலையில் வைத்துவிட்டேன். இன்று இறக்கக்கண்டி முழுவதும் உங்கள் பெயர் தெரியும். நீங்கள் பால்மாப் பெட்டியோடு போய் இறங்கினால் உங்களை வீட்டு வாசலுக்குப் போகக்கூட விடமாட்டார்கள்.

வேம்பின் கீழே அந்த இரண்டு கதிரைகளும் மழையில் கிடக்கின்றன. இப்போது யாரும் ஆட்களை இரவல் கேட்டு வருவதில்லை.

நாளைக் காலை பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு குணேஸ்வரி அக்காவிடம் போகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன். அவர் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வேன். அதற்குப் பிறகு என்னைத் தேடி யார் வருவார்களோ தெரியாது. மன்னிப்புக் கேட்டு உங்களை இன்னும் வருத்த மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடாதீர்கள். பதிவேடு காணாமல் போனாலும், நான் காணாமல் போனாலும், உங்கள் கையில் இது இருக்கட்டும். உம்மாவுக்கு என் சலாம். அல்லாஹ் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும்.

அன்று வைக்காத கையெழுத்தை இங்கே வைக்கிறேன்.

குலசிங்கம் அவர்களை, 2006 யூலை முதலாம் திகதி பின்னேரம் மூன்றரை மணிக்கு, அன்ஸாரிடமிருந்து எந்தச் சேதமும் இன்றித் திரும்பப் பெற்றேன்.

கமலாதேவி
நூலகர்