கண்ணாடித் தொட்டியின் இரண்டு ஓட்டைகள்

இன்று காலை வாஷ்பேசின் ஓரத்தை அடைக்க வந்தவர் சிலிகான் பசைக் குழாயின் மூக்கை வெட்டினார். வினிகர் போன்ற அந்தப் புளித்த வாடை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். பல வருஷமாக உனக்கு எழுத நினைத்ததை இன்றாவது எழுதிவிடுகிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் நாம் இருவரும் ஃபிட்டர்கள். கிரேனுக்கு ஏறும் ஏணியில் ஒரு படி பெயர்ந்து நீ விழுந்தாய். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போயிற்று. அன்றைய காலை ஷிப்ட் என்னுடையது. "ஊட்ல விசேஷம், எனக்குப் பதிலா நீ போடா" என்று உன்னைக் கேட்டவன் நான்.

அதன்பிறகு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அந்த ஒற்றை அறைதான் உனக்கு. ஜன்னலைத் திறந்தால் எதிரே கம்பெனி மதில். உன் அம்மா விடிந்ததும் இறால் கம்பெனிக்குப் போய்விடுவார். ஷிப்ட் முடிந்து நான் வருவேன். வராமல் இருக்கவும் முடியவில்லை, வந்து உன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

ஒரு நாள் பழைய பத்திரிகையில் ஒரு படத்தைக் காட்டினாய். கண்ணாடித் தொட்டிக்குள் மண், பாசி, பெரணிச் செடி, அடியில் கொஞ்சம் தண்ணீர், ஒரு தவளை. "இது மாதிரி ஒண்ணு வோணும்டா. செவுத்தையே பாத்துக்கினு இருக்க முடில."

மீஞ்சூரில் வண்ணமீன் கடை ஒன்றை மூடிக்கொண்டிருந்தார்கள். தொட்டி கிடைத்தது. ஆனால் அடிக் கண்ணாடியில் குழாய் போவதற்காக எலுமிச்சம்பழம் நுழையும் அளவில் இரண்டு ஓட்டைகள் துளைத்திருந்தார்கள். நான் சிலிகானைப் பிதுக்கி அவற்றை நிரப்பினேன். மறுநாள் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருந்தது. உன் தலைமாட்டில் ஸ்டூல் மேல், ஒரு பக்கம் மெத்தைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்க வைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குப் போனேன்.

மேலே காய்ந்த சிலிகான் உள்ளே ஈரமாகவே இருந்திருக்கிறது. பத்து மணிக்குமேல் பிய்த்துக்கொண்டு அவ்வளவு தண்ணீரும் உன் மெத்தையில். நீ கத்தியிருக்கிறாய். மதிலுக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நான் கதவைத் திறந்தபோது அதே ஈரத்தில் நடுங்கிக்கொண்டு கிடந்தாய். நான்தான் அழுதேன். "பேஜாரு பண்ணாதடா, மொதல்ல துணிய மாத்து" என்றாய்.

தொட்டியைத் தூக்கி எறியப் போனேன். நீ விடவில்லை. "இந்த வாட்டி நான் செய்யறேன். காலுதான் போச்சு, கை இருக்குது."

அடுத்த ஞாயிறு தொட்டியைக் கட்டிலோடு ஒட்டி வைத்தேன். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பழைய சிலிகானை பிளேடால் சுரண்டினாய், ஸ்பிரிட்டால் துடைத்தாய். ஓட்டைகளைவிடப் பெரிதாக நான் வெட்டி வந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளில் சிலிகானை வளையமாக இட்டாய். உள்பக்கமாக ஒட்டினால் தண்ணீரின் பாரமே அதை அமுக்கிக்கொள்ளும் என்றாய். "ஒண்ணு நீ அமுக்கு, ஒண்ணு நான். பத்து நிமிஷம் கைய எடுக்கக் கூடாது."

என் கை தொட்டிக்குள் இருந்த அந்த நேரம் பார்த்துக் கேட்டாய்.

"அன்னிக்கு உங்க ஊட்ல விசேஷம் ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். ஏன்டா பொய் சொன்ன?"

எழுந்து ஓடியிருப்பேன். முடியவில்லை. "சோம்பல்டா. தூங்கணும்போல இருந்துச்சி."

உன் பக்கத்துக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் அமுக்கினாய். பிறகு, "அவ்ளோதானா? நான் இன்னான்னாவோ நெனச்சிக்கினு கெடந்தேன். அந்தப் படி ஆடறது உனக்கு முன்னாடியே தெரியுமோன்னு."

"தெரியாதுடா."

உன் முகம் இளகியது. விழுந்த நாளிலிருந்து நான் பார்த்திராத முகம். "நீ அப்டி இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றாய்.

தொட்டி அதன்பின் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. சோழவரம் ஏரிக்கரையிலிருந்து பாசியும் பெரணியும் கொண்டுவந்தேன், பிறகு ஒரு தவளையும். அதற்கு ஈ பிடித்துப் போடுவதில் உன் பகல்கள் கழிந்தன. மூன்று மழைக்காலம் இருந்தாய். சிறுநீரகத்தில் சீழ் வைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை.

படி ஆடியது எனக்குத் தெரியும்டா. முந்தின நாள் ஏறும்போது என் காலுக்கடியில் அசைந்தது. ரிப்பேர் நோட்டில் எழுதியிருக்க வேண்டும். சாப்பாட்டு மணி அடித்தது, அப்புறம் எழுதலாம் என்று போய்விட்டேன். தூக்கத்துக்காகத்தான் உன்னை அனுப்பினேன், படிக்குப் பயந்து அல்ல என்று இன்றுவரை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் நம்புகிறேன். உன் நிம்மதியைக் கெடுக்க மனமில்லாமல்தான் சொல்லவில்லை என்றும் சொல்லிக்கொள்வேன். தைரியம் இல்லை, அதுதான் நிஜம்.

உன் அம்மா இப்போது கடம்பத்தூரில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் போகிறேன். "நீ இல்லாங்காட்டி எம்புள்ள அத்தினி நாள் இருந்திருக்க மாட்டான் நைனா" என்பார். எத்தனை மறுத்தாலும் விடாமல் உட்காரவைத்து இலை போடுவார். எதிரிலேயே இருந்து பரிமாறுவார்.

அதை அவரிடமும் சொல்லாமல், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன்.